முட்டுக்கட்டை அக்கா

டொக். ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி டொக். குழி வாயைச் சுற்றித் தேநீர்க் குவளைகளோடு குந்தியிருக்கும் ஆறு ஆண்களும் அந்தச் சத்தத்தை எண்ணுகிறார்கள். எண்ணித்தான் ஆக வேண்டும். உள்ளே போனவர் கடைசிக் கட்டையையும் தட்டி முடித்து மேலே வந்தால்தான் இவர்களுக்கு வேலை.

"முப்பத்தியொண்ணு" என்றார் ராட்டைக்காரர். குழியின் மேல் கிடத்திய மர உருளையைச் சுற்றிக் கூடையை ஏற்றி இறக்குவது அவர் வேலை. "பாதிகூட ஆவல. இன்னொரு டீ போடலாம்."

டொக், டொக் என்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் டப் என்றது. மேலே ஆறு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பதடி ஆழத்திலிருந்து ஒரு பெண் குரல் ஏறி வந்தது.

"நாப்பத்தி ஒம்போது! பழசாயிடுச்சு. புதுக் கட்டை எறக்குங்க!"

"அது போன மாசம் போட்டதாச்சே அக்கா!"

"போட்ட தேதியா முக்கியம்? இப்ப எப்படி இருக்குன்னு நான் சொல்றேன். எறக்குங்க."

கட்டை இறங்கியது. மேலும் முக்கால் மணி நேரம் போயிற்று. ஏணியில் ஏறி முதலில் வெளியே வந்தது சேறு பூசிய ஓர் இரும்புக் கம்பி. பிறகு அதைப் பிடித்த கை. பிறகு, ஐம்பதை எட்டப்போகும் ஒரு குள்ளமான பெண்மணி. "போங்க, போங்க, இன்னும் என்ன உக்காந்திருக்கீங்க?" என்று ஆண்களை அதட்டினார், அவர்களை இவ்வளவு நேரம் உட்கார வைத்தது வேறு யாரோ என்பதுபோல.

இரத்தினக்கல் தோண்டும் சிறிய குழிகளைப் பார்த்து எழுத வேண்டும் என்று நான்கு நாளாக அலைந்துகொண்டிருந்தேன். ஐந்தாறு பேர் பங்கு சேர்ந்து வெட்டும் குழிகள். போன இடத்திலெல்லாம் கல்லைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் இவரைப் பற்றிப் பேசினார்கள். "முட்டுக்கட்டை அக்காவைப் பாத்தாச்சா? பாக்காம என்னத்த எழுதப் போறீங்க?"

குழியின் சுவர் சரிந்துவிடாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர் தொழில். அந்தப் பெயர் தொழிலால் வந்தது என்று நினைத்தேன். பாதிதான் சரி.

ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை மடித்த கால்சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. சட்டைப் பைகள் இரண்டின் வாயையும் நெருக்கமாகத் தைத்து மூடியிருக்கிறார். தைத்தவர் அவர் கணவர். கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவர். பையை ஏன் மூட வேண்டும் என்று கேட்டேன். "கல்லு அரிசி அளவுலகூட இருக்கும் தம்பி. பை இருந்தா சந்தேகம் அதுல வந்து குடியேறிடும். எதுக்கு வம்பு?" அவர் ஆரம்பித்து வைத்த பழக்கம் இப்போது சுற்று வட்டாரத்துக் குழிகளுக்கெல்லாம் பரவிவிட்டது. தையற்காரருக்கு இதனால் வேலை கூடியிருக்கிறது. "ஊர்ல எல்லாரும் பை வெச்சுத் தைக்கச் சொல்வாங்க. எங்கிட்ட மட்டும் பையை மூடச் சொல்லி வர்றாங்க" என்றார் அவர்.

குழிக்கு வருவதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு மரவாடியில் பலகை அடுக்கியவர் அக்கா. மரத்தோடு பேச்சுவார்த்தை அங்கே தொடங்கியது. கம்பியால் ஒரு தட்டு. கன்னத்தைக் கட்டையின்மேல் வைத்து ஒரு கணம். கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல். அவ்வளவுதான் பரிசோதனை. "ஈரம் ஏறின கட்டை ஜலதோஷம் புடிச்சவன் மாதிரி பேசும். மூக்கால பேசும். கேட்டுப் பாருங்க" என்று இரண்டு கட்டைகளைத் தட்டிக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. என் முகத்தைப் பார்த்து, "பரவால்ல, நீங்க எழுதுறவரு" என்று மன்னித்துவிட்டார்.

வீட்டிலும் இந்தக் கை சும்மா இருப்பதில்லை. நாற்காலியைத் தட்டிப் பார்த்துத்தான் உட்காருவாராம். "பொண்ணு பாக்கப் போனப்பவே என்னைத் தட்டிப் பாத்திருப்பா. சுத்தி ஆளுங்க இருந்ததால விட்டுட்டா" என்றார் கணவர்.

"இப்ப மட்டும் என்ன? அப்பப்ப மூக்காலதான் பேசறீங்க" என்றார் அக்கா.

என்னையும் குழிக்குள் அழைத்துப் போனார். ஏணிப்படிகளை எண்ணச் சொன்னார். "எண்ணிக்கிட்டே வந்தா பயம் பேச எடம் கெடைக்காது." ஐம்பத்திரண்டு படிகள். பதினைந்தாவது படியில் வெளிச்சம் சுருங்கத் தொடங்கியது. முப்பதாவதில் தலைக்கு மேலே வானம் ஒரு கைக்குட்டை அளவு ஆனது. அடியில் கணுக்கால் தண்ணீர், அதை இடைவிடாமல் உறிஞ்சும் பம்புக் குழாய், பக்கவாட்டில் வாய் திறந்த சுரங்கம். கல் இருக்கும் சரளை ஒரு முழ உயரத்துக்கு ஒரே மட்டமாக ஓடுகிறது. அதைப் பின்தொடர்ந்து குனிந்தபடி வெட்டிப் போகிறார்கள். இரண்டடிக்கு ஒரு முட்டு. ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் தேதி.

சுரங்கத்தின் கோடியில் ஓரிடம் திடீரென்று ஒடுங்கியது. தவழ்ந்துதான் போக முடியும். அங்கே ஆறு முட்டுகள். கடைசி இரண்டும் மற்றவற்றைப்போல் பட்டை உரித்த காட்டுக்கட்டை அல்ல. வழவழப்பாக இழைத்து மெருகு பூசிய தேக்கு. ஒன்றில் அங்குலக் கோடுகள்கூட இருந்தன.

"இது என்னக்கா?"

"அது ஒரு நாள் அவசரத்துல போட்டது" என்று சொல்லிவிட்டு, திரும்பி நடந்தார்.

அந்த ஒரு நாளைப் பற்றி எனக்குச் சொன்னவர், அன்று அந்த ஒடுக்கத்துக்கு அப்பால் இருந்தவர். எல்லோரும் அவரைப் பக்கத்துக் குழிக்காரர் என்கிறார்கள். இப்போது அவருக்குப் பக்கத்தில் குழி எதுவும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஐம்பத்தைந்து வயது, கதவு அளவு தோள்கள், எதையும் உரக்கவே சொல்லும் தொண்டை.

அக்கா முதலில் வேலை செய்தது இவரிடம்தான். வட்டாரத்திலேயே பெரிய குழி. ஒரு நாள் புதிதாக வந்த கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தாங்காது, வேற கொண்டாங்க, அது வரைக்கும் யாரும் எறங்க வேணாம்" என்று குழி வாயில் உட்கார்ந்துவிட்டார் அக்கா. நல்ல சரளை கண்ணில் பட்டிருந்த நேரம். இவருக்குக் கோபம் தலைக்கேறியது. "முட்டு குடுக்க ஆள் வெச்சேன். எனக்கே முட்டுக்கட்டை போடுறா! வீட்டுக்குப் போ!" என்று ஊர் கேட்கக் கத்தினார். கேட்ட ஊர் அன்றைக்கே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே, கல் தீர்ந்துவிட்டது என்று யாரோ கைவிட்ட நிலத்தில், வேலையில்லாமல் இருந்த நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு குழி தொடங்கினார். பெரிய குழியில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். "தட்டித் தட்டியே பாதாளத்துக்குப் போயிடுவாங்க" என்றார்களாம்.

போன மழைக்காலத்தில், காலை எட்டரை மணிக்குப் பெரிய குழியின் சுவர் உட்கார்ந்தது. அக்கா தாங்காது என்று சொன்ன அதே மாதிரிக் கட்டைகள்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. இருபதடிச் சேறு ஒரே மூச்சில் இறங்கி ஏணியையும் பம்புக் குழாயையும் விழுங்கிவிட்டது. அடிச் சுரங்கத்தில் மூன்று பேர்: இவரும், வேலையாட்கள் இருவரும்.

"விளக்கு இருந்துச்சு. காத்து கொஞ்சம் இருந்துச்சு. தண்ணிதான் பயமுறுத்துச்சு. பம்பு நின்னுபோச்சுல்ல, ஊறி ஊறி ஏறுது. முட்டிக்கு வந்தப்ப நான் அவங்க ரெண்டு பேருக்கும் தைரியம் சொன்னேன். இடுப்புக்கு வந்தப்ப அவங்க எனக்குச் சொன்னாங்க."

மேலே ஓடிவந்தவர்கள் மண்வெட்டியோடு சரிந்த சேற்றில் இறங்கப் பார்த்தார்கள். அக்கா குறுக்கே நின்றார். "மேலேர்ந்து தோண்டினா மிச்சமும் அவங்க தலையிலதான் விழும். என் குழி வழியா பக்கவாட்டுல போவோம்."

எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். அக்கா தரையில் குச்சியால் கோடு போட்டார். "அவர் சுரங்கம் மேற்கால போகுது. அதுல நான் போட்ட முட்டு பதினேழு. ரெண்டடிக்கு ஒண்ணுன்னா முப்பத்தி நாலடி. அதுக்கப்புறம் அவங்க வெட்டினது எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டு மாசமா அவங்க கடப்பாரை சத்தம் என் செவுத்துல கேக்குது. நடுவுல பத்தடி மண்ணு. அதுக்கு மேல இருக்காது."

அந்தப் பதினேழு முட்டுகள் பிடிவாதமாக நின்றுகொண்டிருந்ததால்தான் உள்ளே மூன்று பேர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது அது யாருக்கும் தெரியாது.

வெட்டத் தொடங்கினார்கள். ஒருவர் மட்டுமே படுத்து வெட்டக்கூடிய அகலம். பத்து நிமிடத்துக்கு ஒருவர் மாறினார்கள். இரண்டடி போனதும் அக்கா நிறுத்தினார். முட்டு வைத்து, தட்டிப் பார்த்து, பிறகுதான் அடுத்த வெட்டு. நான்கடியில் மறுபடி நிறுத்தினார். செய்தி மேலே போனது. குழி வாயில் நின்ற பக்கத்துக் குழிக்காரரின் மனைவி அலறிவிட்டார். "வேணும்னே தாமசம் பண்றா! வேலையை விட்டுத் துரத்தினாருன்னு பழி வாங்குறா! யாராவது அவளை வெளிய இழுங்க!"

அந்த அலறல் நாற்பதடிக்குக் கீழேயும் கேட்டது. கூட இருந்தவர்கள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா முட்டின் தலையில் ஆப்பு அடித்துக்கொண்டே மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்: "அவர் மேல எனக்குக் கோவம் இருக்கும்மா! நெறைய இருக்கு! அதைத் தீத்துக்க அவர் உசுரோட வேணும். கொஞ்சம் பொறுங்க!"

மேலே அலறல் நின்றது. சற்று நேரத்தில் அந்த அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண் கூடை இழுக்கும் வரிசையில் போய் நின்றார்.

எட்டடியில் கட்டை தீர்ந்தது. மரவாடிக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். "மூணடி உசரத்துல உறுதியா எது இருந்தாலும் எறக்குங்க!" என்று அக்கா கத்தியது கடைத்தெரு வரை வாய்வழியாகப் போயிற்று. சிறிது நேரத்தில் தையற்காரர், துணி வெட்டும் மேசையைத் தலையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஓடிவந்தார். கல்யாணத்துக்கு முன்பே அவர் ஆசையாகச் செய்து வைத்த தேக்கு மேசை. குழி வாயிலேயே போட்டுக் காலைக் கழற்றினார்கள், பலகையை அறுத்தார்கள். முதல் காலை எடுத்து அக்கா தட்டினார். டொக்.

"இது நல்லா பேசுது" என்று மேலே பார்த்துச் சொன்னாராம்.

"பேசாம பின்ன? யார் வாங்கின மரம்!" என்று மேலேயிருந்து பதில் வந்ததாம்.

பத்தடி ஆயிற்று. மண்தான் இருந்தது. அக்கா கம்பியை எடுத்துச் சுவரில் மூன்று முறை தட்டினார். காதை வைத்தார். பம்பின் உறுமலை நிறுத்தச் சொன்னார். மறுபடி மூன்று.

அப்பாலிருந்து மூன்று தட்டு வந்தது.

"அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என்ன தோணிச்சு?" என்று அக்காவிடம் பிறகு கேட்டேன். "ஒரு அடி தப்புக் கணக்குப் போட்டுட்டேன்னு தோணிச்சு" என்றார். இன்றும் அந்த ஓரடி அவருக்கு உறுத்துகிறது.

பதினோராவது அடியில் கடப்பாரை வெறுமைக்குள் புகுந்தது. கை நுழையும் அளவு ஓட்டை. "மொதல்ல காத்து வந்துச்சு. அப்புறம் அவர் வாயிலேர்ந்து ஒரு கெட்ட வார்த்தை வந்துச்சு. ஆள் நல்லாத்தான் இருக்காருன்னு தெரிஞ்சுது" என்றார் ராட்டைக்காரர். உள்ளே தண்ணீர் மார்பளவு நின்றது. அப்படியே பெரிதாக உடைத்திருந்தால் அந்தத் தண்ணீர் பாய்ந்து எல்லோரையும் அடித்துப் போயிருக்கும். அக்கா தன் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, அடியில் கம்பியால் ஒரு சிறு துளை போட்டார். தண்ணீர் குழாய்போல் பீச்சிக்கொண்டு வந்தது. நிறுத்தியிருந்த பம்பும் வேறு குழியிலிருந்து இரவல் வந்த பம்பும் சேர்ந்து இறைத்தன. இருபது நிமிடம் அவர் அந்த ஒடுக்கத்தில் தனியாகக் கிடந்து, துளையைக் கையால் அடைத்தும் திறந்தும் தண்ணீரை அளந்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் சுவரை இடித்தார்கள்.

மூன்றே கால் மணிக்கு முதலாமவர் வெளிச்சத்துக்கு வந்தார். பின்னாலேயே இரண்டாமவர். கடைசியாகப் பக்கத்துக் குழிக்காரர், ஓட்டையில் தோள் சிக்கி, இரண்டு பேர் இழுக்க, சட்டை கிழிந்து வந்தார். மூன்று பேரும் உயிரோடு. கூட்டம் போட்ட சத்தத்தில் எதிர்ப் பக்கத்துக் குழிகளில் இருந்தவர்கள் பெரிய கல் கிடைத்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தார்களாம். வந்து, விஷயம் தெரிந்து, அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். கைக்குக் கிடைத்த தகரம், இரும்புச் சட்டி எல்லாம் முழங்கின. தையற்காரர் பாதி மேசைமேல் ஏறி நின்று விசிலடித்தார்.

அக்காவை மட்டும் காணவில்லை. கீழேயிருந்து டொக், டொக் என்று வந்தது. போட்ட ஆறு முட்டுகளையும் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். பக்கத்துக் குழிக்காரரின் மனைவி பாய்ந்து கட்டிக்கொண்டார். அந்த அம்மாளின் தோளுக்கு மேலாக அக்கா சொன்னது: "யாராவது அவருக்கு ஒரு துண்டு குடுங்க, நடுங்குறாரு."

துண்டைப் போர்த்திக்கொண்ட பக்கத்துக் குழிக்காரர் முகத்திலிருந்த சேற்றைத் துடைத்தார். பிறகு கேட்டார்: "எத்தனை முட்டு போட்ட?"

"ஆறு."

"ஆறு போதுமா?"

"இப்ப கேளுங்க!" என்றார் அக்கா. பக்கத்துக் குழிக்காரர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே அழுதார். அதை அவரே என்னிடம் சொன்னார், உரக்கவே.

ஒரு வாரம் கழித்து, பம்பைத் தோளில் வைத்துக்கொண்டு, வேலையாட்கள் இருவரோடும் வந்து நின்றார். "உன் குழியில எங்களுக்கு எடம் இருக்கா?"

"இருக்கு. காலையில நான் தட்டி முடிச்சு மேல வர்ற வரைக்கும் யாரும் வாயைத் தொறக்கக் கூடாது."

"டீ குடிக்கலாமா?"

"அதுக்கு மட்டும் தொறக்கலாம்."

வந்த கையோடு, தையற்காரருக்கு ஒரு புது மேசை செய்து இறக்கினார். முன்பைவிட ஒரு முழம் நீளம். இப்போது பக்கத்துக் குழிக்காரரும் அக்காவை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். "என்னைவிட ஆறு வயசு சின்னவதான். மண்ணுக்குள்ளேர்ந்து இழுத்து வெளிய போட்டவளை வேற எப்படிக் கூப்பிடறது?" குழிக்குத் தலைவர் யார் என்று பங்காளிகள் ஒரு நாள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தபோது, பேச்சை முடித்து வைத்தவரும் அவர்தான். "இதுல பேச என்ன இருக்கு?" என்று எழுந்து போய்விட்டாராம். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள்.

நான் போனது சரளை கழுவும் நாளில். இரண்டு குழிகளும் சந்தித்த அந்த ஒடுக்கத்தின் இரு பக்கத்துச் சரளையை, மழை ஓய்ந்து மண் இறுகட்டும் என்று அதுவரை தொடாமல் வைத்திருந்து, அந்த வாரம்தான் வெட்டி மேலே ஏற்றியிருந்தார்கள். இரண்டு சுரங்கக்காரர்களும் வெவ்வேறு திசையிலிருந்து வருடக்கணக்கில் தேடி, நடுவில் பதினோரடி விட்டு வைத்திருந்த மண். கல் வாங்கும் வியாபாரி, காதும் காதும் வைத்தாற்போல் செய்தி எட்டி, காலையிலேயே வந்து குடை விரித்து உட்கார்ந்துவிட்டார். அவர் சட்டையில் இரண்டு பைகளும் திறந்தே இருந்தன.

குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடையைச் சுழற்றுகிறவர், அரிப்புக்காரர். அதிகம் பேசாத மனிதர். சரளையைக் கூடையில் வாங்கி, தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஒரு சுழற்று, சேறு கரைந்து ஓடும், இன்னொரு சுழற்று, வெறுங்கற்கள் விளிம்பேறி விழும், கனமானவை நடுவில் தங்கும். பிறகு கூடையை வெயிலுக்குச் சாய்த்து விரல்களால் துழாவுவார். முதல் கூடையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் மங்கலாக நான்கு பொடிகள். ஏழாவது, எட்டாவது என்று போயிற்று. வியாபாரி கொட்டாவி விட்டார். பதினொன்றாவது கூடையைச் சாய்த்த அரிப்புக்காரரின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அவர் கூப்பிடவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார்.

அக்கா தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். கூடைக்குள் கையை விட்டு எடுத்து, வாயால் ஊதி, வெயிலுக்கு எதிரே பிடித்தார்.

நீலம். புளியங்கொட்டையைவிடப் பெரியது. விளிம்பில் கொஞ்சம் பால் வெள்ளை; நடுவில் வெயில் புகுந்து மறுபுறம் நீலமாக வெளியேறிக்கொண்டிருந்தது. ராட்டைக்காரர் உருளையை விட்டுவிட்டு ஓடிவந்தார். "அக்கா..." என்று கையெடுத்துக் கும்பிட்டார். இருபது வருடமாகக் கூடை சுற்றுகிறவர், இப்படி ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் அவர் பார்த்ததில்லை. அரிப்புக்காரர் குளத்துக்குள் நின்றபடியே இரண்டு கைகளாலும் தண்ணீரை வாரி வாரி வானத்தில் எறிந்தார். நான் நோட்டுப் புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

வியாபாரி குடையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். கைக்குட்டையை உள்ளங்கையில் விரித்து நீட்டினார். "இப்படிக் குடுங்க, பாப்போம்."

அக்கா அவரைத் தாண்டி நடந்தார். குழி வாயில் தொங்கிக்கொண்டிருந்த கூடையை இழுத்தார். கல்லைத் தலைத்துண்டில் பொதிந்து, முடிச்சுப் போட்டு, கூடையின் நடுவில் வைத்தார். அந்தச் சரளையை வெட்டிய பக்கத்துக் குழிக்காரரும் வேலையாட்கள் இருவரும் அப்போதும் கீழேதான் இருந்தார்கள்.

"என்ன பண்றீங்க? மொதல்ல நான் பாக்க வேணாமா?" என்றார் வியாபாரி.

அக்கா ராட்டைக்காரரை விலக்கிவிட்டு உருளையைத் தானே பிடித்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். மண்ணை மட்டுமே ஏற்றிப் பழகிய கூடை, கல்லோடு கீழே இறங்கியது. கயிறு தளர்ந்தது. முடிச்சு அவிழும் நேரம் போயிற்று. பிறகு பூமிக்குள்ளிருந்து மூன்று தொண்டைகள் ஒன்றாக வெடித்தன; அதில் ஒன்று மற்ற இரண்டையும் அமுக்கிக்கொண்டு ஏறி வந்தது.

"அக்கோவ்! மேல அனுப்பட்டுமா?"

அக்கா குழி வாயில் உட்கார்ந்து, சேறு காய்ந்த கால்கள் இரண்டையும் உள்ளே தொங்கவிட்டுக்கொண்டார்.

"அவசரமில்ல" என்றார் குனிந்து. "விளக்குல காட்டி நல்லாப் பாருங்க."